இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா என்று கேட்டவருக்கு

வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பாவும் அம்மாவும் மட்டும். அப்பாவுக்கு இன்சுலின் ஊசி. நீங்கள் ஓசூரில் வேலை. மழைக்காலம் தொடங்குவதற்குள் நாற்பதாயிரம் ரூபாயில் இன்வெர்ட்டர் வாங்கிப் போடுவதா, ஜெனரேட்டர் வாங்கிப் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். கஜா மாதிரி இன்னொரு புயல் வந்து, பத்து நாள் கரண்ட் இல்லாமல், போனும் கிடைக்காமல் போனால் இவர்கள் இருவரும் என்ன செய்வார்கள் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். இன்வெர்ட்டர் கணக்கு அதற்குள் தானாக வந்துவிடும்.

நான் மன்னார்குடி பக்கம் இருபத்தெட்டு வருடமாக வயரிங் வேலை செய்கிறவன். வயர்மேன் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி அதில் வரவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்த பிறகு, ஒரு மாதத்துக்கு மேல் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அதில் வந்தது. வயரிங், மோட்டார், பேட்டரி பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மருந்து பற்றிச் சொல்வதை மட்டும் அப்பாவைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எத்தனை நாள் என்ற கணக்கு. கஜாவில் விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர் எல்லாம் வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் வர வேண்டும், வருகிற வழியில் மரம் கிடக்கும். கரண்ட் திரும்பி வருவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துணை மின் நிலையம், பெரிய லைன். அப்புறம் ஆஸ்பத்திரி, குடிநீர் நிலையம், டவுன். அதற்கும் பிறகு கிராமத்து மெயின் தெரு. கடைசியில்தான் லைன் முடிகிற இடத்தில், வயலுக்கு நடுவே, தனியாக இருக்கிற வீடு. கஜாவின்போது டவுனில் சில நாளில் விளக்கு எரிந்தது. இப்படித் தனியாக இருந்த வீடுகளுக்கு வாரக்கணக்கில் ஆனது. உங்கள் வீடு டிரான்ஸ்பார்மருக்கு அருகிலா, லைன் கடைசியிலா என்று பாருங்கள். எந்தப் புயலுக்கு எத்தனை நாள் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. நான் என் வீட்டுக்குப் பத்து நாள் என்று வைத்திருக்கிறேன். அதில் முதல் மூன்று நாள் வெளியிலிருந்து யாரும் வர முடியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஓசூரிலிருந்து கிளம்புகிற நீங்களும் அந்த ‘யாரும்’ என்பதில் சேர்த்திதான்.

இந்தப் பத்து நாளில் முதலில் தட்டுப்பாடாவது வெளிச்சம் இல்லை, தண்ணீர். இதை டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் பக்கம் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. குடிப்பது கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர். அந்தத் தண்ணீர் எங்கோ இருக்கிற மோட்டார்கள் ஓடினால்தான் உங்கள் தெருக் குழாய்க்கு வரும். வீட்டில் எத்தனை பெரிய பேட்டரி வைத்திருந்தாலும் அந்த மோட்டாரை ஓட்ட முடியாது. ஆகவே நாற்பதாயிரத்தில் முதல் செலவு தண்ணீருக்கு. மாடியில் 500 லிட்டர் டேங்க் இருந்தால், தரையில் இன்னொன்று வாங்கி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே இரண்டையும் நிரப்பிவிட வேண்டும். கரண்ட் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, ஏனென்றால் காற்று வலுப்பதற்கு முன்பே பாதுகாப்புக்காக மின்வாரியமே லைனை நிறுத்திவிடும். மாடி டேங்க் நிறைந்திருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. 500 லிட்டர் தண்ணீர் 500 கிலோ, காற்றுக்கு அசையாது. காலி டேங்க் பறக்கும். நான் ஒரு டேங்கை அடுத்த தெருவிலிருந்து எடுத்து வந்து கொடுத்திருக்கிறேன்.

டேங்க் நிரம்பியதும் அதிலிருந்து வீட்டுக்கு இறங்கும் வால்வை மூடச் சொல்லுங்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்ற பழக்கத்தில் இரண்டே நாளில் தீர்த்துவிடுவோம், ஃபிளஷ் ஒன்றே ஒவ்வொரு தடவையும் பத்து லிட்டரைக் குடிக்கும். காலையில் வால்வைத் திறந்து நான்கு வாளி, இரண்டு குடம் பிடித்துவிட்டு மூடினால் இரண்டு பேருக்கு ஆயிரம் லிட்டர் பத்து நாளைத் தாண்டி வரும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் தனியாக மூடி போட்ட குடத்தில் இருக்கட்டும். கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், புயலுக்குப் பின் வரும் முதல் குழாய்த் தண்ணீரை நம்ப வேண்டாம். தெருவில் பழைய அடிபம்பு துருப்பிடித்துக் கிடந்தால், பஞ்சாயத்தில் சொல்லியோ நான்கு வீடு சேர்ந்து காசு போட்டோ வாஷரை மாற்றி வையுங்கள். உப்பாக இருந்தாலும் கக்கூஸுக்கும் துவைக்கவும் ஆகும். கஜாவின்போது எங்கள் தெருவைக் காப்பாற்றியது பத்து வருடமாக யாரும் தொடாத ஓர் அடிபம்பு.

இனி இன்வெர்ட்டர். கடைக்காரர் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்பார். 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது கரண்ட் பில்லில் வருகிற கணக்கில் 1.8 யூனிட். இழப்பெல்லாம் போகப் புது பேட்டரியில் கையில் கிடைப்பது சுமார் 1.2 யூனிட். மூன்று நான்கு வருடம் ஆன பேட்டரியில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். இரண்டு ஃபேன், மூன்று எல்இடி விளக்கு என்று வழக்கம்போல் ஓட்டினால் ஆறேழு மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும். விடிவதற்குள் முடிந்தது கதை. அதன் பிறகு பத்து நாளும் அது வெறும் இரும்புப் பெட்டி. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது.

அதே பேட்டரியை வேறு மாதிரி செலவழிக்கலாம். படுக்கையறையில் மட்டும் பிஎல்டிசி ஃபேன் ஒன்று மாட்டுங்கள், அது 30 வாட்டுக்குள் ஓடும். இரவு ஆறு மணி நேரம் அது, மாலையில் ஐந்து மணி நேரம் இரண்டு 9 வாட் பல்பு, ஒரு போன் சார்ஜ். ஒரு நாளைக்குக் கால் யூனிட்டுக்குச் சற்று மேல். காகிதக் கணக்கில் நான்கு நாள் வரும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். எதுவும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தன் வயிற்றுக்கு 15 வாட் போல எடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்க ஆன் செய்து வைத்தால் அதுவே மூன்றில் ஒரு பங்கு யூனிட். ஃபேனும் விளக்கும் சேர்ந்து தின்பதைவிட அதிகம். ஆகவே காலையில் எழுந்ததும் இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை அணைத்துவிட்டு, மாலையில்தான் போட வேண்டும். இரவில் அது தின்பதையும் சேர்த்தால் நான்கு நாள் என்பது இரண்டரை நாள் போலத்தான் வரும். அம்மாவுக்கு இந்த ஒரு சுவிட்சைக் காட்டிக் கொடுத்தால் போதும். வாங்கும்போது ப்யூர் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், தண்ணீர் வருகிறது என்று கடைசி நேரத்தில் பெரியவர்களால் தூக்க முடியாது. கஜாவில் வீட்டுக்குள் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று அப்பாவைக் கேளுங்கள், அதற்கு ஓர் அடி மேலே சிமெண்ட் பலகை கட்டி வையுங்கள். 1977 புயலையும் அவர் பார்த்திருப்பார், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டரை நான் உங்கள் வீட்டுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். நாற்பதாயிரத்துக்குள் கிடைப்பது ஒரு கேவிஏ, அதாவது ஆயிரம் வாட்டுக்குச் சற்றுக் குறைவான அளவில்தான் இருக்கும். ஃபேனும் விளக்கும் ஓட்டலாம், அதற்கு இன்வெர்ட்டரே போதும். தண்ணீர் ஏற்றலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஆயிரம் வாட் இழுக்கும், கிளம்புகிற நொடியில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். 2.5, 3 கேவிஏ இல்லாமல் அது எடுக்காது. அப்புறம் பெட்ரோல். புயலுக்கு மறுநாள் பங்கிலும் கரண்ட் இருக்காது, இருந்தாலும் வரிசை நிற்கும். வீட்டில் கேனில் சேர்த்து வைப்பதோ ஆபத்து. எல்லாவற்றையும்விட, மழைக்குப் பயந்து அதைத் திண்ணையிலோ பின்கட்டிலோ வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். மின்வாரிய லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் பிளக் பாயிண்டில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பவர்களும் உண்டு. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் பல மடங்காகி, செத்த லைன் என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற ஆளைக் கொல்லும். தெருவில் நான்கைந்து வீடு சேர்ந்து பெரிய ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, முறை வைத்து டேங்குகளை நிரப்புவது வேறு விஷயம். கஜாவின்போது எங்கள் பக்கம் அப்படித்தான் சமாளித்தோம். இப்போதே அந்த நான்கைந்து வீட்டாரிடம் பேசி வைத்துவிடுங்கள்.

மாடியில் சோலார் போட்டிருந்தால் கவலை இல்லை என்று யாராவது சொன்னால், எந்த வகை என்று கேளுங்கள். மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் சோலார், லைனில் கரண்ட் இல்லையென்றால் தானே நின்றுவிடும். நல்ல வெயில் அடித்தாலும் ஒரு பல்பு எரியாது. லைன்மேன் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது, பழுது இல்லை. பேட்டரியோடு சேர்ந்த வகைதான் இருட்டில் உதவும்.

இன்சுலினுக்கு வருகிறேன். ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் போடலாமா என்று யோசித்திருப்பீர்கள். அது ஒரு நாளைக்கு ஒரு யூனிட் போல எடுக்கும், மொத்தப் பேட்டரியும் அதற்கே சரியாகிவிடும். திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். முந்தின நாளே தண்ணீர் பாட்டில்களை ஃபிரீசரில் உறைய வைத்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். நல்ல செய்தி என்னவென்றால், திறந்து உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 25, 30 டிகிரிக்குள் சாதாரண அறையிலேயே நான்கு வாரம் போல இருக்கும். புயல் வரும் கார்த்திகை, மார்கழியில் நம் வீடுகளில் 30 டிகிரியைத் தாண்டுவது குறைவு. எந்த வகைக்கு எத்தனை நாள் என்பது அட்டைப் பெட்டியிலோ அதற்குள் இருக்கும் தாளிலோ அச்சாகியிருக்கும், அதைப் படித்து டாக்டரிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். மண்பானைக்குள் வைப்பது பழைய வழி, வெயில் காலத்தில் நன்றாக வேலை செய்யும். அடைமழையில் பானையின் ஈரம் ஆவியாகாது, அப்போது அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஐஸ் கட்டியோடு ஒட்ட வைப்பது எல்லாவற்றிலும் மோசம், உறைந்த இன்சுலின் கெட்டுப்போனதுதான். பதினைந்து நாள் மருந்தும் ஊசியும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். புயல் வருவதற்கு முந்தின நாள் மெடிக்கல் கடையில் நிற்கிற கூட்டத்தில் உங்கள் அப்பாவால் நிற்க முடியாது.

புயல் அன்று இரவைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன், உங்கள் பெற்றோருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும். காற்று திடீரென்று அடங்கினால் முடிந்தது என்று வெளியே வரக் கூடாது. அது புயலின் கண்ணாக இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும். முதல் காற்றில் ஆடிப்போன மரம் இரண்டாவதில்தான் விழும். டிவியில் சொல்கிற கூண்டு எண் துறைமுகத்துக்கும் கப்பலுக்குமானது, அதை வைத்து வீட்டில் முடிவெடுக்காதீர்கள். வானிலை மையம் கரையைக் கடக்கும் இடம், காற்றின் வேகம் என்று சொல்வதைக் கேளுங்கள். மூன்று நாள் முன்பிருந்தே சொல்லத் தொடங்குவார்கள், கடைசி நாளில்தான் இடம் ஓரளவு உறுதியாகும். வீடு காங்கிரீட் தளமா, ஓடா, ஷீட்டா என்று நீங்கள் எழுதவில்லை. ஓடோ ஷீட்டோ என்றால் இன்வெர்ட்டர் பேச்சே வேண்டாம், எச்சரிக்கை வந்ததும் இருவரும் புயல் பாதுகாப்பு மையத்துக்கோ தளம் போட்ட உறவினர் வீட்டுக்கோ போய்விட வேண்டும். வீட்டை ஒட்டி நிற்கும் தென்னையில் நெற்றையும் காய்ந்த மட்டையையும் ஐப்பசியிலேயே இறக்கிவிடுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு மரம் ஏற ஆள் கிடைக்க மாட்டார்.

பலரும் மறந்துவிடுவது கரண்ட் திரும்பி வருகிற நேரத்தை. பத்து நாள் தாங்கிய வீடு பத்து நிமிடத்தில் கருகியதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் கம்பிகளில் ஒன்று கரண்ட் கொண்டு வரும் ஃபேஸ், ஒன்று அது திரும்பிப் போகும் நியூட்ரல். அவசரத்தில் இழுத்துக் கட்டிய லைனில் நியூட்ரல் எங்காவது தளர்ந்தோ அறுந்தோ இருந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 350, 400 வரை ஏறும், பக்கத்து வீட்டில் விளக்கு மங்கி நிற்கும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்த நான், என் வீட்டில் மெயினை அணைக்கச் சொல்ல மறந்து டிவியையும் ஃபிரிட்ஜ் போர்டையும் பறிகொடுத்தேன். அதனால், புயலுக்கு முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். தெருவில் கரண்ட் வந்ததும், மெயினுக்கு அடுத்து வரிசையாக இருக்கும் சின்ன சுவிட்சுகளான எம்சிபி எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டு மெயினைப் போட்டு, இன்வெர்ட்டரில் சேராத ஒரே ஒரு விளக்கின் எம்சிபியை மட்டும் மேலே தூக்கி, அது மட்டும் எரியட்டும். அது பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்இடி வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மாதிரி எரிந்து ஏமாற்றும், குண்டு பல்பு வெள்ளையாகக் கண்ணைக் கூசினாலோ சிவந்து மங்கினாலோ உடனே காட்டிக்கொடுக்கும். அரை மணி நேரம் சீராக எரிந்தால் ஒவ்வொன்றாகப் போடலாம். ஒரு 60 வாட் குண்டு பல்பை இப்போதே தேடி வாங்கி வையுங்கள், கடைகளில் அரிதாகி வருகிறது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து சுவிட்ச் பாக்ஸ் நனைந்திருந்தால் இது எதுவும் செய்யக் கூடாது, வயர்மேன் வந்து சோதித்த பிறகுதான் மெயின்.

மீட்டருக்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், இல்லையென்றால் இன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்பே அதைப் போடுங்கள். ஈரச் சுவரில் கை பட்டால் உயிரைக் காப்பது அதுதான். ஆனால் தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து அது காப்பாற்றாது. கம்பி எதுவானாலும், கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியானாலும், தேங்கிய தண்ணீரில் கிடந்தால் யாரும் கிட்டப் போகக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இரண்டையும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

போன் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். டவருக்கும் பேட்டரியும் டீசலும்தான், தீர்ந்தால் அதுவும் ஊமை. வேறு கம்பெனி சிம் போட்ட பட்டன் போன் ஒன்று இருந்தால் ஒரு டவர் போனாலும் இன்னொன்று எடுக்கலாம். குரல் போகாதபோது குறுஞ்செய்தி போய்விடுவதுண்டு. பேட்டரி ரேடியோ ஒன்று, பவர் பேங்க் ஒன்று, சில்லறை நோட்டாக ஐயாயிரம் ரூபாய். 2016 டிசம்பரில் வர்தா சென்னையை அடித்தபோது பணமதிப்பு நீக்கத்துக்கு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டு இல்லை, கரண்ட் இல்லாததால் கார்டு மெஷினும் ஓடவில்லை. உங்களோடு பேச முடியாத நாட்களில் தினம் ஒரு முறை வீட்டை எட்டிப் பார்க்க, அதே தெருவில் ஒருவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவீர்கள் இல்லையா, அதில் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மெயினை அணைத்துவிட்டு மறுநாள் காலை வரை அவர்களோடு அப்படியே இருந்து பாருங்கள். நீங்கள் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். இருட்டில் டார்ச் எங்கே என்று அப்பாவே தேடட்டும், டேங்க் வால்வை அம்மாவே மூடட்டும், அவர் கைக்கு அது திரும்புகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இப்படிச் செய்த அன்று, பேட்டரி ரேடியோவில் போட்டிருந்த செல்கள் கசிந்து உப்புப் பூத்துக் கிடந்தன.